பாதி வார்டு பெண்களுக்கு, வட்டம் யாருக்கு?

வடசென்னையில் பெண் கவுன்சிலர் என்பது இப்போது யாரும் நின்று பார்க்கிற சங்கதி இல்லை. 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலுக்குப் பிறகு சென்னையின் 200 வார்டுகளில் ஏறத்தாழ பாதி பெண்கள் கையில் இருக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று எங்கள் பக்கத்து மண்டலம் எதற்குப் போனாலும், மழைநீர் வடிகால் தோண்டுகிற இடத்தில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் சத்தம் போடுகிற ஒரு கவுன்சிலரைப் பார்த்துவிடலாம். மேயர் பிரியா திரு.வி.க. நகர்ப் பக்கத்து 74ஆவது வார்டிலிருந்து வந்தவர். 1688இல் தொடங்கிய மாநகராட்சியில் அவர் மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் இருவருக்கும் பிறகு அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார ஐம்பது ஆண்டு ஆயிற்று. அதுவும், பதவியைப் பட்டியல் சாதிப் பெண்களுக்கு என்று அரசாணையில் ஒதுக்கிய பிறகுதான்.

அதே ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளிலும் வென்றவர்கள் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. மாநிலம் முழுவதற்கும் 234 பேரில் 12 பெண்கள்; 1991இல் இந்த எண்ணிக்கை 32 ஆக இருந்தது. வடசென்னை மக்களவைத் தொகுதி 1957 முதல் 2024 வரை எல்லா வண்ணக் கொடிகளையும் பார்த்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவர், வழக்கறிஞர், மருத்துவர் என்று விதவிதமான ஆண்களை டெல்லிக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு பெண்ணை அனுப்பியதில்லை.

கவுன்சிலர் வரை தாராளமாக வருகிற பெண், அதற்கு மேல் ஏன் போவதில்லை? வழக்கமான பதில்கள் தெரியும். பெண்களுக்கு ஆர்வம் இல்லை, துணிச்சல் இல்லை, குடும்பம் விடாது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்னால் ஏலம் கேட்கிற பெண்ணிடம் போய் உனக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும் என்பதை இங்கே எழுத முடியாது. குடிநீர் லாரி வராத நாளில் காலிக் குடங்களைச் சாலையில் வரிசையாக வைத்துப் போக்குவரத்தை நிறுத்துவதும், ரேஷன் கடையில் எடை குறைந்தால் தராசைப் பிடித்துக்கொள்வதும், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது வீச்சம் அடிக்கிற கையோடு அதிகாரிகளின் ஜீப்பை மறித்ததும் பெண்கள்தான். வடசென்னையின் தெரு அரசியலைப் பெரும்பாலும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். அந்த அரசியலுக்குப் பதவியோ படியோ கிடையாது, அவ்வளவுதான்.

என் பதில் வேறு. எல்லோரும் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கதவு அடைபடுகிற இடம் அதற்கு வெகு கீழே, வட்டச் செயலாளர் பதவியில் இருக்கிறது.

கட்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையில் பெரிய திராவிடக் கட்சிகளின் அமைப்பு வட்டம், பகுதி, மாவட்டம் என்று மேலே போகிறது. வட்டம் என்பது பெரும்பாலும் மாநகராட்சி வார்டுதான். அதன் செயலாளர்தான் அந்த வார்டில் கட்சி. பூத் முகவர் யார், தேர்தல் பணம் யார் கையால் போகும், பொதுக்கூட்ட மேடையில் யார் பெயரை வாசிக்க வேண்டும், காவல் நிலையத்தில் யாருக்காகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. பகுதிச் செயலாளர் அவரைக் கேட்பார், மாவட்டச் செயலாளர் பகுதியைக் கேட்பார், தலைமை மாவட்டத்தைக் கேட்கும். எம்.எல்.ஏ. சீட்டுக்குப் பெயர் மேலே போகிற வழியும் இதுதான். இந்த மூன்று பதவிகளில் உங்கள் பகுதியில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பக்கம் எண்ணுவதற்கு விரலே தேவைப்படாது. பெண்களுக்கு என்று மகளிர் அணி தனியாக இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் முதல் நான்கு வரிசையை நிரப்புவது, ஆரத்தி எடுப்பது, ஒரே நிறப் புடவையில் வரவேற்பது அந்த அணியின் வேலை. வாக்குக் கேட்டு மாடி மாடியாக ஏறுவதும் அவர்கள்தான். மேடையில் ஒரு நாற்காலி அவர்களின் அமைப்பாளருக்கு, அதுவும் ஓரத்தில்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பெயரையோ கட்சியையோ சொன்னால் தண்டையார்பேட்டையில் பாதிப் பேர் வீட்டைக் காட்டிவிடுவார்கள் என்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து கட்சியில் இருப்பவர். போன தேர்தல் சமயத்தில் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவருடைய வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன். தேர்தல் ஆணையம் அச்சிட்டது ஒரு பட்டியல். அதன் ஓரத்தில் அக்கா பேனாவால் எழுதியிருந்தது இன்னொரு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு குறி. டிக் போட்டால் நம் ஓட்டு. சுழி போட்டால் எதிராளி ஓட்டு. பெருக்கல் குறி போட்டால், கடைசி நாள் வரை வாயைத் திறக்காத வீடு. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ‘மாதவரம்’, ‘பெரும்பாக்கம்’ என்று இடம் மாறிப்போன ஊர். ஒரு பெயருக்கு எதிரே ‘ஐப்பசியில் தவறிவிட்டார்’. இன்னொன்றுக்கு எதிரே ‘மருமகள் சொன்னால் கேட்பார்’. கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து வாங்குகிற விவரம் இரண்டு ரூபாய்ப் பேனாவில் எழுதப்பட்டு, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி, அரிசி டின்மீது வைக்கப்பட்டிருந்தது.

2022இல் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சீட்டு வட்டச் செயலாளரின் மனைவிக்குப் போயிற்று.

“நீங்கள் ஏன் அக்கா கேட்கவில்லை?” என்றேன்.

“கேட்காமல் இருப்பேனா கண்ணு? விருப்ப மனு கொடுத்தேன். நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு கேள்விதான். எவ்வளவு செலவு செய்வாய் என்று.”

“என்ன சொன்னீர்கள்?”

“உழைப்பேன் என்றேன். சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.”

மாநகராட்சி கவுன்சிலர் தேர்தலுக்கு அரசு கேட்ட வைப்புத்தொகை 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அதை அக்கா ஏலச்சீட்டுப் பணத்தில் கட்டியிருப்பார். கட்சி கேட்கிற வைப்புத்தொகைக்கு ரசீது கிடையாது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். வென்றுவந்த அந்தப் பெண்மணியைப் பற்றி ‘பினாமி’ என்று பேசுவது எங்கள் டீக்கடைகளில் ஒரு பொழுதுபோக்கு. பேனரில் கணவர் படம் பெரிதாகவும் கவுன்சிலர் படம் சின்னதாகவும் இருந்தது உண்மை. முதல் வருடம் போன் செய்தால் கணவர்தான் எடுப்பார் என்பதும் உண்மை. ஆனால் பதவி ஆளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. இப்போது உதவிப் பொறியாளரிடம் எந்தத் தெருவுக்கு எவ்வளவு மீட்டர் என்று அளவு சொல்லிச் சண்டை போடுகிறவர் அவரே. கணவருக்கு அந்த மீட்டர் கணக்கு புரிவதில்லை என்பதுதான் என் ஊகம். வட்டச் செயலாளரின் மகனாக இருந்து சீட்டு வாங்கிய ஆண்களை யாரும் பினாமி என்று சொல்லக் கேட்டதில்லை. மேயரின் தந்தையும் கட்சிக்காரர்தான். குடும்பத்தின் வழியாக வருவது பெண்களின் தனிக் குற்றம் போலப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வழி திறந்திருந்தால் அக்காவும் வந்திருப்பார்.

கவுன்சிலரின் கையில் அதிகாரம் எவ்வளவு என்பதும் பேச வேண்டிய விஷயம். வார்டு அலுவலகத்துக்கு வருகிற பெண்கள் கொண்டுவருகிற குறைகளைக் கேட்டால் பத்துக்கு ஆறு குடிநீரும் கழிவுநீரும்தான்: குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, லாரி வரவில்லை, மேன்ஹோல் பொங்குகிறது. அது மாநகராட்சியின் வேலையே இல்லை. 1978இலிருந்து குடிநீர் வாரியம் தனி அமைப்பு. மின்சாரம் இன்னொரு நிறுவனம். அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரை பெயர்ந்து விழுந்தால் 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அலுவலகத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கடை வேறு துறை, பட்டா வேறு துறை. கவுன்சிலருக்கு மிஞ்சுவது உட்தெருச் சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி. அதிலும் கையெழுத்து ஆணையருடையது. மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியத்தில், தன் கையில் இல்லாத வேலைக்கெல்லாம் ஏச்சு வாங்குகிற பதவி இது. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகள் நிர்வாகம் நடந்ததே, அப்போது பெரிய கட்சிகள் துடித்துப்போகவில்லை. அதிகாரம் குறைந்த இடத்தைப் பாதி கொடுத்துவிடுவதில் ஆண்களுக்குப் பெரிய வலி இல்லை. பெண்களுக்கான 33 சதவீதம் 2016 சட்டத்திருத்தத்தில் 50 ஆனபோது எந்தக் கட்சியும் எதிர்த்து மூச்சு விடவில்லை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சிலருக்கு இது கசப்பான வாசிப்பாகத் தோன்றலாம். 234இல் 12 என்பதற்கு வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

பெண்கள் அரசியலுக்குப் புதிது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. வால்டாக்ஸ் சாலையின் ஒற்றவாடை நாடகக் கொட்டகையில் 1938 நவம்பர் 13 அன்று தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை, மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை. ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் அங்கேதான் தீர்மானமாக வந்தது. அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் பெண்கள் என்பது பாடப்புத்தக வரியாக எல்லோருக்கும் தெரியும். மறுநாள் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டாக்டர் தருமாம்பாள் முதலிய பெண்கள் சௌகார்பேட்டை இந்து தியாலஜிக்கல் பள்ளி முன்னால் இந்தி எதிர்ப்பு மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். இன்று மொழிப்போர் நாளன்று தலைவர்கள் மாலையோடு மூலக்கொத்தளத்துக்கு வருகிறார்களே, அங்கே தாளமுத்து, நடராசன் ஆகியோருக்குப் பக்கத்தில் தருமாம்பாளின் நினைவிடமும் இருக்கிறது. ஊர்வலம் கலைந்த பிறகு நின்று பார்த்தால் தெரியும்.

தருமாம்பாளின் பெயரை நீங்கள் வேறோர் இடத்தில் படித்திருப்பீர்கள்: விதவை மறுமண உதவித் திட்டம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி, 2022இல் கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டமாக மாறியது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி. 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகி, அவையின் துணைத் தலைவராகவும் இருந்தவர் அவர். தமிழ்நாட்டில் அரசியல் செய்த பெண்ணுக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் தலைப்பில் பெயர் வருவது. திருமணம், மகப்பேறு, தாலிக்குத் தங்கம். சட்டம் இயற்றப் போனவர்களை நாம் சீர் செய்கிற அத்தைகளாக்கி வைத்திருக்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற பெயர் சத்தியவாணி முத்து. எங்கள் பெரம்பூர்க்காரர். தி.மு.க. 1949இல் தொடங்கிய காலத்திலிருந்தே அதில் இருந்தவர், தலித் பெண். கட்சிக்குத் தேர்தல் ஆணைய அங்கீகாரம்கூட இல்லாத 1957இல் பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் போனார். 1967இலும் 1971இலும் வென்றார். அண்ணாதுரையின் அமைச்சரவையில் இருந்தார். பட்டியல் சாதி மக்களுக்குக் கட்சியில் நியாயம் கிடைக்கவில்லை என்று 1974இல் வெளியே வந்து தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். ஓர் ஆளுங்கட்சியை எதிர்த்துத் தன் தலைமையில் கட்சி தொடங்குவது அன்றைக்கு எந்தப் பெண்ணும் நினைத்துப் பார்க்காத காரியம். கட்சி நிற்கவில்லை, 1977இல் அ.தி.மு.க.வோடு இணைந்தது. 1979இல் சரண் சிங் அமைச்சரவையில் மத்திய அமைச்சரானார். திராவிடக் கட்சிகளிலிருந்து மத்திய அமைச்சரவைக்குள் முதலில் நுழைந்த இருவரில் ஒருவர் பெரம்பூரின் இந்தப் பெண். அவர் பெயர் இன்று எதில் இருக்கிறது? ஏழைப் பெண்களுக்கான இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில். சென்ட்ரல் பக்கம் கூவக் கரையில் அவர் பெயரில் ஒரு நகர் இருந்தது. அந்தக் குடும்பங்களை 2019 கடைசியில், ஊருக்குத் தெற்கே வெகு தூரத்தில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவின் பட்டியல் ஓரத்தில் இருந்த அதே பெரும்பாக்கம்.

வடசென்னையில் பெண்களுக்குத் தொகுதி வாய்த்த இடம் ஆர்.கே. நகர். சற்குண பாண்டியன் 1989இலும் 1996இலும் அங்கே வென்று, 1996க்குப் பிறகு சமூகநலத்துறை அமைச்சராகவும் இருந்தார். (பெண் அமைச்சர் என்றால் சமூகநலம். இதற்கு ஓர் அரசாணை எங்கோ இருக்க வேண்டும்.) 2015 இடைத்தேர்தலில் ஜெயலலிதா ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2016 பொதுத்தேர்தல்தான் வேடிக்கை. முதலமைச்சரை எதிர்த்து தி.மு.க. நிறுத்தியவர் சற்குண பாண்டியனின் மருமகள் சிம்லா முத்துச்சோழன். விடுதலைச் சிறுத்தைகள் நிறுத்தியவர் முன்னாள் துணைவேந்தர் வசந்தி தேவி. நாம் தமிழர் நிறுத்தியவர் திருநங்கை தேவி. பிரச்சார வண்டிகள் நான்கு பெண் பெயர்களைக் கத்திக்கொண்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்ற காலம் அது. ஒரு பெண்ணை எதிர்க்கத்தான் மற்றவர்களுக்குப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். ஜெயலலிதா மறைந்தார். 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா புகாரில் தேர்தல் ரத்தாயிற்று. டிசம்பரில் மறுபடி நடந்தபோது போட்டி ஆண்களுக்குள் திரும்பிவிட்டது. பெண்களிடம் பேச வேண்டிய பேச்சு டி.டி.வி. தினகரனின் குக்கர் சின்னத்தோடு முடிந்தது.

ஒரு பெண் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்சியை ஆண்ட மாநிலம் இது. அந்தக் கட்சியில் மாவட்டச் செயலாளர் பதவிகளில் எத்தனை பெண்கள் வளர்ந்தார்கள் என்று நான் அக்காவிடம் கேட்டபோது, “அம்மா ஒருவர் போதாதா என்று இருந்துவிட்டார்கள்” என்றார். மேலே ஒரு பெண் இருந்தால் கீழே தானாக வழி திறந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2025 ஆகஸ்டில், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம். உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், எங்கள் பக்கத்துப் பெண்கள். பதின்மூன்றாம் நாள் இரவு நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. கட்டடத்துக்கு உள்ளே அவையில் பாதி பெண்கள், மேயர், பெண். சுவருக்கு இந்தப் பக்கம் மழையில் பெண்கள். அதைப் பார்த்துவிட்டுப் பெண் கவுன்சிலர்கள் வந்து என்ன பயன் என்று கேட்டவர்கள் பலர். நான் அந்தக் கேள்வியை வேறு முகவரிக்கு அனுப்புவேன். சீட்டைக் கொடுத்தவர் வட்டமும் மாவட்டமும் என்றால், கவுன்சிலர் பதில் சொல்ல வேண்டியதும் அவர்களுக்குத்தான். கட்சி முடிவு செய்த பிறகு அவையில் எழுந்து மாற்றிப் பேசினால் அடுத்த முறை சீட்டு கிடையாது. ஆண் கவுன்சிலருக்கும் இதே கயிறுதான் என்பது உண்மை. ஆனால் அவனே வட்டச் செயலாளராகவும் இருந்தால் கயிற்றின் ஒரு முனையாவது அவன் கையில் இருக்கும்.

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது எங்கள் பக்கமும் வெடி வெடித்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை, அதன்பிறகே ஒதுக்கீடு என்று அந்தத் திருத்தத்தில் எழுதியிருந்தது. அது வரட்டும், நல்லதுதான். வரும்போது தொகுதிகள் பெண்களுக்கு ஒதுக்கப்படும். வேட்பாளர் பெயர் அதே மாவட்டச் செயலாளரின் மேசையிலிருந்து போகும். வார்டில் நடந்தது தொகுதியிலும் நடக்கும், அளவு மட்டும் பெரிதாக. எந்தச் சட்டமும் கட்சிகளின் உள் பதவியைத் தொடுவதில்லை. தொட வேண்டியது கட்சிகள். வட்டச் செயலாளர் பதவியில் பாதி பெண்களுக்கு என்று ஒரு கட்சி பொதுக்குழுவில் தீர்மானம் போட்டால், அதற்கு நாடாளுமன்றமும் வேண்டாம், கணக்கெடுப்பும் வேண்டாம். ஒரு மாலையில் முடிகிற காரியம். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை, கட்டணமில்லா பஸ் என்று பெண்களுக்குக் கொடுப்பதில் போட்டி போடுகிற கட்சிகள் இந்த ஒன்றில் மட்டும் போட்டிக்கு வருவதில்லை.

இப்போதைய மாமன்றத்தின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. எங்கள் வார்டு பெண்களுக்கே தொடருமா, சுழற்சியில் பொதுவாகிவிடுமா என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. பொதுவானால் தனக்கு, பெண்களுக்கு என்றால் தன் மனைவிக்கு என்று இரண்டு கணக்கையும் போட்டு வைத்திருக்கிறார், வட்டச் செயலாளருக்கு ஆகாத இன்னொரு பிரமுகர். மனைவிக்குக் கட்சி உறுப்பினர் அட்டை இல்லை என்பது அவருக்குப் போன மாதம்தான் நினைவுக்கு வந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். வாக்காளர் அட்டை எண், பாகம் எண், வரிசை எண் எல்லாம் பட்டியலைப் பார்க்காமலே அக்கா நிரப்பிக் கொடுத்தாராம்.